மலையகத்தில் முதலுதவி, சி.பி.ஆர். பயிற்றுநராக ஆவது எப்படி?

முதலுதவியும் சி.பி.ஆரும் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தியும் செயற்கை மூச்சுக் கொடுத்தும் உயிர்காக்கும் முறை) கற்பிக்க விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அதற்குரிய சான்றிதழை எங்கே பெறலாம் என்பதைத்தான். இதற்கான விடை சுருக்கமானது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை ஆகிய மாவட்டங்களில் கிளைகள் உள்ளன. சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் நாட்டில் முதலுதவிப் பாடநெறிகளை நடத்துகிறது. இவற்றுள் ஒன்றில் சாதாரணப் பங்குபற்றுநராகச் சேர்ந்து அடிப்படைச் சான்றிதழைப் பெற வேண்டும். சில காலம் தொண்டராகப் பணியாற்ற வேண்டும். அதன் பின்னரே பயிற்றுநர்களுக்கான பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம், வயது, கல்வித் தகைமை, சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் ஆகியவை அமைப்புக்கு அமைப்பு வேறுபடுவதால், பணம் செலுத்துவதற்கு முன் கிளைக்கு நேரில் சென்று கேட்டு, விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. நீங்கள் கற்பிக்க எண்ணும் தொழிற்சாலையோ பாடசாலையோ எந்த அமைப்பின் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க இதயச் சங்கத்தின் முறையில், புதிய பயிற்றுநர் கற்பிப்பதை அனுபவமுள்ள ஒருவர் வகுப்பிலேயே இருந்து கவனித்து மதிப்பிடுகிறார்; அதன் பின்னரும், தகைமையைப் புதுப்பிக்க இரண்டு ஆண்டுகளுக்குள் குறைந்தது நான்கு வகுப்புகளையாவது நடத்தியிருக்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் அமைப்பு இவ்வளவு கண்டிப்பாக இல்லாவிட்டாலும், முதல் மூன்று நான்கு வகுப்புகளை மூத்த வளவாளர் ஒருவருக்குத் துணையாக இருந்து நடத்துங்கள்.

அடிப்படைச் சான்றிதழுக்கும் பயிற்றுநர் பயிற்சிக்கும் இடைப்பட்ட காலத்தை வீணாக்காதீர்கள். மார்கழி மாத உந்துவப் போயாவில் தொடங்கி வைகாசி மாத வெசாக் போயா வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், தொண்டர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வகுப்பறை என்பேன். 2,243 மீற்றர் உயரமுள்ள சிகரத்துக்கு இரவு முழுவதும் படியேறும் முதியவர்கள், தசைப்பிடிப்பு, மயக்கம், நெஞ்சுவலி, குளிர் என்று ஒவ்வொன்றாக உங்கள் முன் கொண்டுவருவார்கள். அங்கே பார்த்தவற்றைக் கொண்டுதான் பின்னர் வகுப்பில் எழும் கேள்விகளுக்குத் தடுமாறாமல் விடை சொல்ல முடியும்.

அடுத்து, உங்கள் சொந்தக் கைகளைச் சோதியுங்கள். வளர்ந்தவருக்கு நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னரும் நெஞ்சு முழுமையாக மேலெழ இடம் கொடுக்க வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 செயற்கை மூச்சுகள். இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். இவற்றை ஒப்புவிப்பது எளிது. இரண்டு நிமிட முடிவிலும் ஆழம் குறையாமல் அழுத்துவதோ வேறு காரியம். வேகத்தைக் கற்பிக்கப் பலரும் கைப்பேசிச் செயலிகளை நாடுகின்றனர். வகுப்பில் தப்பு மேளம் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரிடமே நிமிடத்துக்கு 110 அடி என்று கேட்டுப்பாருங்கள். என் அனுபவத்தில், அதைக் கேட்டுப் பழகியவர்கள் பயிற்சிப் பொம்மையில் வேகம் தவறுவது குறைவு.

பயிற்றுநரின் வேலையில் பேச்சை விடப் பார்வையே பெரிது என்பதை நான் காலம் தாழ்த்தியே உணர்ந்தேன். என் முதல் வகுப்பில் இதயத்தின் அறைகளைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசிவிட்டுப் பொம்மையைத் தரையில் வைத்தபோது, ஆளுக்கு ஒரு நிமிடம்கூட எஞ்சவில்லை. இப்போது பத்து நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து பேசுவதில்லை. பயிலுநர் அழுத்தும்போது அவரது முழங்கை மடிகிறதா, தோள் கைக்கு நேர் மேலே இருக்கிறதா, உள்ளங்கையின் அடிப்பகுதி நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் இருக்கிறதா, களைத்ததும் நெஞ்சின் மீது சாய்ந்துகொள்கிறாரா என்பவற்றைக் கவனித்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். ஐந்து பிழைகளை ஒருசேரச் சொன்னால் அவர் அழுத்துவதையே நிறுத்திவிடுவார். மூச்சைப் பரிசோதிக்க 10 செக்கனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதையும், இதயம் நின்றவர் சில நேரங்களில் மீன் போல வாய் திறந்து இடைவிட்டு இழுக்கும் மூச்சு உண்மையான சுவாசம் அன்று என்பதையும் நீங்களே நடித்துக் காட்டுங்கள். "மூச்சு இருக்கிறது" என்று நம்பிப் பலர் காத்திருந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

பயிற்சிக் கைநூல்கள் நகரத்தை மனத்தில் கொண்டு எழுதப்படுவதால், தோட்டங்களுக்கு உரியவற்றை நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. ஆனால், வளைவுகள் நிறைந்த தோட்டப் பாதையில் வண்டி மேலேறி வர நேரமாகும். ஆகவே அழைப்பது எப்படி என்பதையே ஒரு பயிற்சியாக்குங்கள்: நகரம், தோட்டத்தின் பெயர், மேல் பிரிவா கீழ் பிரிவா, லயத்தின் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) இலக்கம், வண்டி வந்து நிற்கக்கூடிய சந்தி அல்லது கோயில் ஆகியவற்றை ஒவ்வொருவரும் உரத்துச் சொல்லிப் பழகட்டும். சந்தியில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்வதையும் சொல்லுங்கள். மூச்சற்றவரை உடனே கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். ஓடும் லொறியில் ஒழுங்கான அழுத்தம் கொடுக்க முடியாது என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ள, விளக்கம் மட்டும் போதாது. பொம்மையை ஒரு முறை மெத்தை மீது வைத்து அழுத்தச் சொல்லி, பின்னர் தரையில் அழுத்தச் சொன்னால், உறுதியான தளம் ஏன் வேண்டும் என்பதைக் கைகளே சொல்லிவிடும்.

கொழுந்து பறிக்கும் மலையில் குளவிக் கொட்டு ஏறக்குறைய எல்லோரும் அறிந்த ஆபத்து. முதலில் கூட்டை விட்டு விலகி ஓடுதல், பிறகே உதவி. கொட்டியவை தேனீக்களாக இருந்தால் கொடுக்குகளை விரைவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. உதடும் நாக்கும் வீங்குதல், குரல் மாறுதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குரிய மருந்து தொடையில் தசையூடாக ஏற்றப்படும் அட்ரினலின், அதைக் கொடுப்பது மருத்துவப் பணியாளரின் வேலை. முதலுதவியாளர் செய்ய வேண்டியது நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துவதும், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைப்பதும், நடக்க விடாமல் தூக்கிச் செல்வதும் ஆகும். மயக்கம் தெளிந்ததும் எழுந்து நடக்கச் சொல்வதால் இரத்த அழுத்தம் திடீரென்று வீழ்ந்துவிடக்கூடும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களை அண்டி வாழ்வோருக்கு நீரில் மூழ்கியவரைப் பற்றிய பாடம் தனியாக வேண்டும். அங்கே உடலில் தீர்ந்துபோயிருப்பது ஒட்சிசன் ஆகையால், கையால் அழுத்துவது மட்டும் போதாது. செயற்கை மூச்சுடனேயே தொடங்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்தின் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பணிபுரியும் பெண்களை என்னுடைய மிக முக்கியமான மாணவர்களாகக் கருதுகிறேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் உணவு அடைத்து அழவோ இருமவோ முடியாமற்போனால், தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. வயிற்றை அழுத்தவே கூடாது. இதனை ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று தடவையாவது செய்து காட்டாமல் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பழைய கைவைத்தியங்களைத் திருத்துவது நுட்பமான வேலை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பது, தீப்புண்ணில் பற்பசை பூசுவது, கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது ஆகியவற்றைச் செய்தவர்கள் அன்பினாலேயே செய்தார்கள். அவர்களை வகுப்பில் சிரிப்புக்கு உள்ளாக்கினால் மறுநாள் வரமாட்டார்கள். சாவி வலிப்பை நிறுத்துவதில்லை, வலிப்பு பெரும்பாலும் தானாகவே சில நிமிடங்களில் அடங்குகிறது, அந்த நேரத்தில்தான் சாவி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள். தீப்புண்ணுக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்நீர் என்பது விதி. நம் மலைக் குழாய்த் தண்ணீரின் குளிரில் சிறுபிள்ளைகள் நடுங்கிவிடுவதால், புண்பட்ட பகுதியை மட்டும் நனைத்து மற்ற உடம்பைப் போர்த்திவைக்கச் சொல்வது என் வழக்கம்.

வகுப்புக்கான நேரம், இடம் ஆகியவற்றை வேலை நாளை ஒட்டித் தீர்மானியுங்கள். காலையில் பிரட்டு (வேலைக்குப் பெயர் பதியும் கூட்டம்), மாலையில் கொழுந்து நிறுவை, அதன் பின் சமையல் என்று நாள் போகும் பெண்களை வார நாளில் ஐந்து மணிக்கு அழைப்பது நியாயம் அன்று. ஞாயிறு முற்பகல் அல்லது போயா நாள் பொருந்தும். நெஞ்சில் கை வைத்து அழுத்தும் பாடத்தில் கூச்சம் இயல்பாகவே எழும். பெண்களுக்குப் பெண் பயிற்றுநர் ஒருவர் இருந்தால் பாதிக் கூச்சம் விலகிவிடும், ஆகவே உங்களுடன் ஒரு பெண்ணையும் இதே பாதையில் அழைத்து வாருங்கள். ஒரு பொம்மைக்கு மூவருக்கு மேல் வேண்டாம். பொம்மை போதாதபோது உரப்பையில் இறுகத் திணித்த தலையணை கைநிலையைப் பழக உதவும். ஆழத்தை அது காட்டாது என்பதால், தேர்ச்சியைப் பொம்மையிலேயே பாருங்கள். ஒவ்வொருவருக்குப் பின்னும் முகப்பகுதியைத் துடைத்துத் தொற்றுநீக்க வேண்டும்.

நெறிமுறைகள் நிலையானவை அல்ல. சர்வதேச வழிகாட்டல்கள் ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை திருத்தப்படுகின்றன. மூச்சுப்பாதையில் தொடங்கிய பழைய வரிசையை மாற்றி, நெஞ்சழுத்தத்தை முதலில் வைத்தது 2010 ஆம் ஆண்டின் திருத்தம். உங்கள் கையேட்டின் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பெயர், பிரிவு, திகதி, எந்தத் திறனில் தடுமாறினார் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பயிற்சி இல்லாவிட்டால் சி.பி.ஆர். திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். எனவே ஆறு மாதம் கழிந்ததும் அந்தக் கொப்பியையும் பொம்மையையும் எடுத்துக்கொண்டு அதே தோட்டத்துக்குச் சென்று, ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.