ஆள் இல்லாத அறைக்கு எதற்கு விளக்கு? சென்சார் பொருத்தும் முறை

ஆள் வந்தால் விளக்கை எரியவிட்டு, போனால் அணைக்கும் சென்சார் வைக்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த அறையில் ஆளில்லாமல் விளக்கு எரிகிறது என்பதைத்தான். நாள் முழுக்க யாராவது உட்கார்ந்திருக்கும் வரவேற்பறையில் வைத்துப் பயனில்லை. மீட்டிங் அறை, கழிவறை, ஸ்டோர் ரூம், ஃபைல் அறை: இங்கேதான் மிச்சம் பிடிக்க முடியும்.

அதிகம் விற்பது பிஐஆர் சென்சார். உடல் வெப்பம் நகர்வதைத்தான் அது பார்க்கிறது, ஆளை அல்ல. அதன் லென்ஸ் அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வெப்பம் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். அதனால் உள்ளே வருகிறவர் அதன் முன்னால் குறுக்காக நடக்கும்படி இடம் பாருங்கள். நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும். ஏசி காற்று வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்தால் குருடு.

தடுப்புள்ள கழிவறைக்கு அல்ட்ராசோனிக் வகை, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியால் பார்ப்பது, நல்லது; தடுப்பைச் சுற்றிவந்தும் அசைவை உணரும். ரேடியோ அலையால் பார்க்கும் மைக்ரோவேவ் வகை மெல்லிய சுவரையே தாண்டும். சென்சிட்டிவிட்டியைக் குறைக்காவிட்டால் வராந்தாவில் நடப்பவருக்கெல்லாம் அறைக்குள் விளக்கு எரியும்.

அடுத்தது நேரம்: கடைசி அசைவுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கழித்து விளக்கு அணைய வேண்டும் என்பது. நிறையப் பேர் கோட்டைவிடுவது இதில்தான். மிச்சம் பிடிக்கும் ஆசையில் ஒரு நிமிடம் என்று வைத்துவிடுவார்கள். அசையாமல் டைப் அடிக்கிறவர் தலைக்கு மேல் விளக்கு அணையும், அவர் கையை ஆட்டுவார், அடுத்த வாரம் சென்சார்மேல் டேப் ஒட்டியிருக்கும். அப்புறம் எங்கே மிச்சம்? அலுவலக அறைக்கு 15 நிமிடம், ஸ்டோருக்கு 5 நிமிடம் வைத்துத் தொடங்குங்கள். எல்இடியை அடிக்கடி அணைத்து ஏற்றினால் கெடாது. பழைய குழல் விளக்கு என்றால் ஆயுள் குறையும், நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

என்னைக் கேட்டால், சுவிட்சைக் கையால் போட வேண்டும், அணைப்பதை மட்டும் சென்சார் பார்த்துக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சமே போதும் என்றால் யாரும் சுவிட்சைத் தொடவே மாட்டார்கள். அதுவும் மிச்சம்தானே! ஆனால் மாடிப்படியிலும் ஜன்னலில்லாத கழிவறையிலும் தானாகவே எரியட்டும். அவசர வழி விளக்குகளைச் சென்சாரில் சேர்க்கவே கூடாது.

வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் வயர் இருக்கிறதா? சென்சார் எத்தனை வாட் எல்இடி தாங்கும்? எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில், சென்சாருக்குள் சுவிட்சாக இருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே நின்றுவிடலாம். லோடு அதிகமென்றால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது அதிக லோடு தாங்கும் பெரிய ரிலே, போடச் சொல்லுங்கள்.

ஏசியைச் சென்சாரோடு இணைத்தால், ஆள் போனதும் நிறுத்தாமல் இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடுவது கம்ப்ரஸருக்கு நல்லது.

கடைசியாக, விளக்கு சில நொடியிலேயே அணையும் டெஸ்ட் மோடில் போட்டு அறை முழுக்க நடந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். வாசலுக்கு வெளியே போகிறவரையும் பிடித்தால், லென்ஸின் அந்தப் பக்கத்தைக் கூடவே தரும் மறைப்பால் மூடுங்கள். சரியாக இருந்தால் டெஸ்ட் மோடிலிருந்து எடுத்து, நேரத்தைத் திரும்ப வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்குங்கள்.