மைதான மைக்கிலிருந்து வானொலிக்கு: நேர்முக வர்ணனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் மைக் பிடித்துப் பழக இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஓமலூர், எடப்பாடி, ஆத்தூர் என்று எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். பொங்கல் வந்தால் கபடி, கூலமேட்டில் ஜல்லிக்கட்டு. சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போடக் கற்றதும் இந்த மாதிரி மண் மைதானங்களில்தான். ஆடுகிறவர்களோடு சேர்ந்து அறிவிப்பாளர்களும் இங்கேயே உருவாகிறார்கள். அவர்களில் பலருக்கு வானொலி வர்ணனையாளர் ஆக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் மைதானத்தில் கைதட்டல் வாங்கித் தந்த அதே பழக்கங்கள்தான் வானொலியில் காலை வாரிவிடும். மைதானத்தில் உங்களைக் கேட்பவர் ஆட்டத்தையும் பார்க்கிறார். வானொலி கேட்பவருக்கு நீங்கள் சொல்வது மட்டும்தான் ஆட்டம்.

ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். மைதான மைக்கில் இப்படி வரும்: "தூக்கிட்டாருய்யா! என்னா அடி! பந்து எங்க போகுது பாருங்க!" கூட்டம் எழுந்து ஆடும். வானொலியில் இதைக் கேட்பவருக்கு யார் போட்டார், யார் அடித்தார், எந்தப் பக்கம் போனது, எத்தனை ரன் என்று ஒன்றுமே தெரியாது. அதே பந்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பெவிலியன் பக்கமிருந்து ஓடி வருகிறார். யார்க்கர் முயற்சி, ஃபுல்டாஸாக வந்துவிட்டது. மிட்விக்கெட் மேல் தூக்கி அடிக்கிறார். எல்லையில் ஃபீல்டர் பின்னால் போகிறார், போகிறார், தலைக்கு மேல் தாண்டிவிட்டது. ஆறு ரன். 84க்கு 3." முதலில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், வியப்பு அதற்குப் பின்னால் வரட்டும். வியந்துகொண்டே இருந்தால் அடுத்த பந்து வந்துவிடும்.

திசை சொல்லாமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். 1927இல் பிபிசி தன் முதல் ரக்பி வர்ணனையை ஒலிபரப்பியபோது, மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்ட படத்தைப் பத்திரிகையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வர்ணனையின்போது பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் எண் சொல்ல, கேட்பவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்வார். இன்று யாரும் படம் தரப்போவதில்லை, அதனால் அந்த வேலையும் உங்கள் தலையில்தான். கபடியில் இது இன்னும் சிக்கல். நீங்கள் "வலது கார்னர்" என்கிறீர்கள், அது பாடி வருபவருக்கு வலதா, பிடிப்பவர்களுக்கு வலதா? எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, கடைசி வரை மாற்றாதீர்கள். களத்தில் எத்தனை பேர் மிச்சம் என்பதையும் ஒவ்வொரு ரெய்டுக்கும் சொல்ல வேண்டும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதல் புள்ளி. ஆள் கணக்கு தெரியாத நேயருக்கு அந்த நேரத்துப் பரபரப்பு எப்படிப் புரியும்?

இனி ஸ்கோர். வானொலி வர்ணனையில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான் என்பேன். மைதானத்தில் ஸ்கோர் போர்டு இருக்கிறது, அடிக்கடி சொல்லத் தேவையில்லை. வானொலியை ஒருவர் எந்த நிமிடத்திலும் திருப்புவார்: கடையைத் திறக்கும்போது, பஸ் கிளம்பும்போது. அவருடைய முதல் கேள்வி ஸ்கோர் என்ன என்பதுதான். அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மணல் இறங்கியதும் ஸ்கோர் சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பார்.

தனியாக ஸ்கோர் எழுதுகிறவர் இருக்கிறார் என்று நம்பிக் கையில் பேனா இல்லாமல் உட்காராதீர்கள். 2023 ஜூன் 13 அன்று கோவையில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டம் நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. சேலம் ஸ்பார்ட்டன்ஸ், சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்கு எதிராக 20ஆவது ஓவரின் கடைசிப் பந்தில் 18 ரன் கொடுத்தது. முதலில் போல்டு, ஆனால் நோபால். அடுத்ததும் நோபால், அதில் சிக்ஸர். மறுபடி நோபால், இரண்டு ரன். பிறகு வைடு. கடைசியில் ஒழுங்காக விழுந்த பந்திலும் சிக்ஸர். 1, 7, 3, 1, 6 என்று தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவரால் மட்டும்தான் அதை அப்போதே தெளிவாகச் சொல்லியிருக்க முடியும்.

பெயர் விஷயத்திலும் மைதானப் பழக்கம் உதவாது. உள்ளூர் அணியில் இரண்டு மணி, மூன்று கார்த்தி இருப்பார்கள். கூட்டத்துக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும். டாஸுக்கு முன்பே போய் முழுப் பெயர், ஊர், பனியன் எண் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் ஊர் அணி ஆடுகிறது என்பதற்காகக் குரலில் ஒருபக்கம் சாயாதீர்கள். எதிரணி ஊரிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏற்காட்டில் ஆட்டம் என்றால் இன்னொரு சோதனை உண்டு. நன்றாக இருந்த மைதானம் பத்து நிமிடத்தில் மூடுபனிக்குள் போய்விடும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் ஆசை அப்போதுதான் வரும். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன், 1930களில் வானொலி வர்ணனையாளராக இருந்தவர். தந்தியில் வரும் குறிப்பை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோல் பேஸ்பால் ஆட்டத்தை வர்ணிப்பார். ஒருமுறை தந்தி நின்றுபோக, அது திரும்ப வரும்வரை பேட்ஸ்மேன் ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி) மேல் ஃபவுல் அடிப்பதாகச் சொல்லிச் சமாளித்ததை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது நடந்தது. இன்று மைதானத்தில் நூறு செல்போன் இருக்கிறது. "பனியில் பந்து தெரியவில்லை, நடுவர் கையைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நேயர் இன்னும் உங்களை நம்புவார்.

குரலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: முதல் ஓவரிலேயே உச்சத்துக்குப் போகாதீர்கள். தமிழ் கிரிக்கெட் வர்ணனையில் பெயர் பெற்ற சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலி நாடகக் கலைஞரும்கூட. குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பது அவருக்குக் கைவந்த கலை. டிவி வர்ணனையாளர்களைக் காப்பியடிப்பதும் வேண்டாம். படம் கூடவே ஓடுவதால் அவர்களால் அரட்டை அடிக்க முடிகிறது.

பிழைப்பு என்று பார்த்தால், இதை மாதச் சம்பள வேலையாக நினைத்து இறங்குவது தவறு. அகில இந்திய வானொலியில் வர்ணனையாளர்கள் குரல் தேர்வில் தேறி, போட்டிக்குப் போட்டி அழைக்கப்படுபவர்கள். தனியார் எஃப்எம்மில் நேரலை வர்ணனைக்கு உள்ளூர்ப் போட்டிகள் அளவுக்குத்தான் விதி இடம் கொடுக்கிறது. அதனால் நிகழ்ச்சித் தொகுப்பு, விளம்பரக் குரல், ஒலிப்பதிவு எடிட்டிங் என்று கூடவே ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கிரிக்கெட் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். சேலம் காந்தி ஸ்டேடியத்தில் தடகளப் போட்டி நடந்தால் போய் உட்கார்ந்து, செல்போனில் உங்கள் வர்ணனையைப் பதிவு செய்யுங்கள். ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதைப் போட்டுக்காட்டி, யார் முந்தினார், யார் பின்தங்கினார் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதில் விடுபட்டது எல்லாம் நீங்கள் சொல்லாமல் விட்டது.

வாய்ப்புக் கேட்டு மாதிரிப் பதிவு அனுப்பும்போது பலரும் கடைசி ஓவர் கூச்சலை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். ரன்னே வராத இரண்டு ஓவரையும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்றும் நடக்காதபோது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் நிலையத்தில் உங்களை எடை போடுவார்கள்.