பழைய ட்வின் டப் வாஷிங் மெஷின்: நீங்களே செய்யக்கூடிய பராமரிப்பு

எங்கள் வீட்டு மெஷின் 1999 பொங்கலுக்கு வந்தது. இன்றும் வாரம் மூன்று நாள் ஓடுகிறது. மேல் மூடியைத் திறந்து துணி போடும் செமி ஆட்டோமேட்டிக். ஒரு பக்கம் துவைக்கும் தொட்டி, இன்னொரு பக்கம் டிரையர். வேர்ல்பூலும் டிவிஎஸ் குழுமமும் கூட்டுச் சேர்ந்து 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் தொழிற்சாலை போட்டார்களே, அந்தக் காலத்தையொட்டி நம் ஊர் வீடுகளுக்குள் வந்த வகை.

இதில் கம்ப்யூட்டர் போர்டு கிடையாது. இரண்டு மோட்டார், இரண்டு டைமர், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர், ஒரு பெல்ட், கொஞ்சம் ரப்பர். ஸ்குரூ டிரைவரும் ஸ்பானரும் இருந்தால் எல்லாமே கைக்கு எட்டும். அதனால்தான் பழைய இரும்புக் கடைக்குத் தூக்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள் என்கிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் நிற்கும் மெஷின், இதில் சமரசமே கூடாது.

அடுத்து பல்சேட்டர், அதாவது துவைக்கும் தொட்டியின் அடியில் சுற்றும் தட்டு. நடுவில் ஒரே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றி, தட்டின் விளிம்புக்கு அடியில் எதிரெதிராக இரண்டு நாடாக்களைச் செருகி, ஒரே சீராக மேலே இழுங்கள். எங்கள் மெஷினில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம், சட்டைப் பொத்தான், கயிறு போலத் திரிந்த தலைமுடி எல்லாம் வந்தன. சுத்தம் செய்து திரும்ப மாட்டியதும் கரகரச் சத்தம் நின்றுவிட்டது.

அப்புறம் தண்ணீரால் தொட்டியில் படியும் உப்பு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல ஊர்களில் போர் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும். கை பொறுக்கும் சூட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, 15 நிமிடம் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் திறந்துவிடுங்கள். இதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பின் மூடியைக் கழற்றினால் பெல்ட் தெரியும். நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போனால் சரி. தொளதொளவென்று இருந்தால் மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று நகர்த்தி இறுக்கலாம். வெடித்திருந்தால் பெல்ட்டின் மேல் அச்சடித்த எண்ணைச் சொல்லிப் புதியது வாங்குங்கள்.

இப்போது முக்கியமான இடம், டிரையர் சீல், அதாவது டிரையர் தொட்டியின் அடியில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர். இந்த மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். டிரையர் பக்கம் அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, ஈரத்துணி போட்டுச் சுற்றவிடுங்கள். சுற்றாதபோதும் சொட்டினால் வடிகால் குழாயைப் பாருங்கள். சுற்றும்போது மட்டும் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் தண்ணீர் தொட்டியைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட் வழியாக இறங்கி நேரே மோட்டார் மேல் விழும். முதலில் பேரிங் துரு ஏறும், பிறகு மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். சீல் மலிவு, மோட்டார் அப்படியல்ல. அதனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

டிரையர் தொட்டியின் ஷாஃப்டும் மோட்டாரும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் போல்ட் இருக்கும். அது உப்புப் பூத்து வெள்ளையாக இறுகியிருந்தால், எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். முதலில் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட், பிறகு போல்ட் என்று கழற்றுங்கள். தொட்டியை மேலே தூக்கிவிடலாம். அடியில் உள்ள ரப்பர் சீலைப் பிடுங்கி, கடைக்கு அதையே எடுத்துப் போங்கள். பெயர் சொல்லி வாங்கினால் அளவு மாறிவிடும். ஷாஃப்டை எமரி பேப்பரால் பளபளப்பாகத் தேய்த்து, புது சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். ஷாஃப்டில் தட்டையாகச் சீவிய ஒரு முகம் இருக்கும். போல்ட் சரியாக அதன் மேல்தான் உட்கார வேண்டும். நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் இறுக்கினேன். மோட்டார் சுற்றியது, தொட்டி நின்றது.

மூடுவதற்கு முன் பிரேக்கையும் பாருங்கள். டிரையர் மூடியைத் திறந்ததும் தொட்டி சில நொடிகளில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் பிரேக் வயரைச் சரிசெய்யும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். குழந்தைகள் கை விடும் இடம் அது.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் புதியவர்கள் தொட வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள். பழைய கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில்தான் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் இன்னொரு காய்ந்த செய்தித்தாளை அடியில் விரித்து, மூன்று தடவை துணி போட்டு எடுங்கள். தாள் மொறமொறவென்று அப்படியே இருந்தால் பின் மூடியின் ஸ்குரூக்களை இறுக்கலாம்.