செவுள் பூச்சிக்குப் பெயர் வைக்கும் முன்

காலையில் பரங்கிப்பேட்டை பக்கத்து அன்னங்கோவில் மீன் இறங்குதளத்துக்குப் போனால் எல்லாரும் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள்; நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். "பூச்சி விழுந்த மீனையா தேடுற தம்பி?" என்று மீன்கார அக்கா சிரிப்பார். கானாங்கெளுத்தியின் செவுளுக்குள் வெளிர்மஞ்சளாக, ஏறக்குறைய 2 செ.மீ. நீளத்தில், ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பூச்சிதான் எனக்கு வேண்டியது. ஐசோபாட் வகை, இறால் நண்டுக்குச் சொந்தம். பெயர் நோரிலெக்கா இண்டிகா.

முதல் வருடம் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். சேர்த்தவற்றை மூன்று பாட்டிலாகப் பிரித்தேன்: இடப்பக்கம் கோணியது, வலப்பக்கம் கோணியது, சிறியதாக நேராக இருப்பது. மூன்று இனம் என்று பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆய்வு வழிகாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தப் பக்கச் செவுளில் எடுத்தாய்?" நான் குறித்து வைக்கவில்லை. இடச் செவுளில் வளர்ந்தால் ஒரு பக்கம் கோணும், வலச் செவுளில் வளர்ந்தால் மறுபக்கம். சிறியது ஆண். மூன்று பாட்டிலிலும் ஒரே இனம்.

ஆகவே எடுக்கும்போதே எழுதுங்கள்: மீனின் பெயர், நீளம், பூச்சி இருந்த இடம், பக்கம். ஒரு மீனுக்கு ஒரு பாட்டில். இடுக்கியால் இழுத்துப் பிடுங்காதீர்கள். கொக்கி நகம் ஒடிந்துவிடும். ஊசிமுனையால் ஒவ்வொரு காலாக விடுவியுங்கள். சாராயத்தில் போடும் முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள், நிறம் அதில் நிற்காது. நெரோசிலா ஃபையோப்ளூரா என்ற இனத்துக்குப் பக்கவாட்டுக் கருங்கோடு நல்ல அடையாளம். வெளிறியபின் தேடிப் பயனில்லை. உடலமைப்பு பார்க்க 70 சதவீத எத்தனால் போதும். டி.என்.ஏ. வேண்டுமென்றால் 95க்கு மேல். ஃபார்மலின் வேண்டாம்.

சரி, இனி நுண்ணோக்கி. முதலில் கால்கள். ஏழு இணையும் கொக்கியாக வளைந்திருந்தால் சைமோதோயிடே குடும்பம். முன் மூன்று மட்டும் கொக்கி, பின் நான்கும் நடக்கிற கால் என்றால் வேறு குடும்பம். ஆறு இணைதான் இருக்கிறதா? கால் ஒடிந்துவிட்டது என்று பதற வேண்டாம், அது தாயின் பையிலிருந்து வந்த மான்கா என்ற குஞ்சு.

அப்புறம் பாலினம். இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். இந்தக் குடும்பத்தில் எல்லாம் முதலில் ஆண், பிறகு பெண். ஏழாம் மார்புக் கண்டத்தின் அடியில் இரண்டு சின்னக் குமிழ்கள், இரண்டாம் நீந்துகாலில் ஒரு மெல்லிய குச்சி போன்ற உறுப்பு: ஆண். வயிற்றில் முட்டைப்பைத் தகடுகள் இருந்தால் பெண். புதிதாகப் பெண்ணானவற்றில் அந்தக் குச்சி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு, அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒப்பிடும்போது முட்டை சுமக்கும் பெண்ணை முட்டை சுமக்கும் பெண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பேரினத்துக்கு இருப்பிடம் துப்புக் கொடுக்கும். தோலில், துடுப்பில் என்றால் நெரோசிலா, அனிலோக்ரா. வாய்க்குள் என்றால் சைமோதோவா. செவுளில் நோரிலெக்கா, ஜோரிமா, மோதோசியா. ஆனால் மீன் செத்ததும் இவை இடம் மாறி அலையும். கூடையில் மேலே ஊர்ந்ததை நம்பக் கூடாது. உடலைப் பாருங்கள்: சைமோதோவாவின் தலை முதல் மார்புக் கண்டத்துக்குள் புதைந்திருக்கும். நெரோசிலாவின் பின் மார்புக் கண்டங்களின் மூலைகள் முள்ளாகப் பின்னோக்கி நீளும், அனிலோக்ராவில் நீளாது.

பெயர்களைப் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. 1818இல் லீச் என்பவர் கரோலினா, கரோலின் என்ற பெண் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டே சிரோலானா, அனிலோக்ரா, நெரோசிலா என்று சூட்டிவிட்டார். 1990இல் நோரிலெக்காவும் அந்த வரிசையில் சேர்ந்தது. யார் அந்தக் கரோலின் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தாயிற்று.

இனத்துக்கு வந்தால் வரையத்தான் வேண்டும். தலையின் முன்விளிம்பு, உணர்கொம்புக் கணுக்களின் எண்ணிக்கை, முதல் காலும் ஏழாம் காலும், வால்தகட்டின் அகல நீள விகிதம், வால்கால்கள் அதன் விளிம்பைத் தாண்டுகின்றனவா என்பது. ஒன்றை வரைந்து நிறுத்தாமல் பத்தையாவது அளந்துவிடுங்கள். கணு எண்ணிக்கை ஒரே பூச்சியின் இடமும் வலமும் மாறுவதுண்டு.

எதிலும் பொருந்தவில்லை, புது இனம்தான் என்று தோன்றினால் ஒரு பெண் பூச்சியை மூலமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியாகக் குறித்து, சென்னை சாந்தோமில் இருக்கிற விலங்கியல் ஆய்வுத் துறை மையம் போல நிரந்தரச் சேகரிப்பு உள்ள இடத்தில் வையுங்கள். 1999க்குப் பிறகு மூலமாதிரியை வெளிப்படையாகக் குறிக்காத புதுப் பெயர் செல்லாது. அதற்கு முன்னால் ஒரு தடவை பழைய குறிப்பேட்டைத் திறந்து, எந்தப் பக்கச் செவுள் என்று பார்த்துவிடுங்கள்.