'டேக்கன் அபேக்' புரிய ஒரு தாளும் பேனாவும் போதும்

ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் டேக்கன் அபேக்' (I was taken aback) என்றால் 'திகைத்துப்போனேன்' என்று அகராதி சொல்லிவிடும். ஆனால் அது எந்த மாதிரித் திகைப்பு என்று பிடிபட வேண்டுமென்றால் ஒரு பாய்க்கப்பலை வரைந்து பார்க்க வேண்டும். ஓவியம் வராது என்று தயங்காதீர்கள், நாலு கோடு போதும்.

படி 1: கப்பலைப் பக்கவாட்டில் வரையுங்கள். நடுவே பாய்மரம், அதற்கு முன்புறம் தொங்குகிற மாதிரி ஒரு சதுரப் பாய். பாய், மரத்துக்கு முன்னால் இருப்பதுதான் இங்கே முக்கியம். சந்தேகமாக இருந்தால் லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் என்ற பாய்க்கப்பலின் (1869இல் கட்டியது) படத்தைத் தேடிப் பாருங்கள்.

படி 2: பின்னாலிருந்து காற்று வருவதாக ஒரு அம்புக்குறி. பாய் முன்பக்கம் உப்பும், கப்பல் ஓடும். சரி.

படி 3: இப்போது அம்பை முன்னாலிருந்து போடுங்கள். பாய் அப்படியே மரத்தோடு அப்பிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்த கப்பல் தடுமாறி நிற்கும், சில சமயம் பின்னோக்கியே நகரும். இந்த நிலைதான் 'அபேக்'. காற்று சட்டென்று திசை மாறினால் இப்படி ஆகும். சுக்கான் பிடிப்பவர் கவனம் பிசகினாலும் ஆகும், ஏனென்றால் இந்த வகைக் கப்பல்கள் காற்று வரும் திசைக்குச் சுமார் 67 டிகிரியை விட நெருங்கி ஓட முடியாது. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளில் பெரும்பாலானவை பின்பக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், காற்று முன்னோக்கித்தான் தள்ளும் என்ற கணக்கில். அதனால் எதிர்க்காற்று பலமாக அடித்தால் மரமே முறியலாம்.

கப்பலை நிறுத்துவதற்காக மாலுமிகள் தாங்களே சில பாய்களை இப்படித் திருப்புவதும் உண்டு. 'டேக்கன்' சேர்ந்தால்தான், நினைக்காத நேரத்தில் காற்று வந்து பிடித்துக்கொண்டது என்று ஆகும்.

படி 4: 19ஆம் நூற்றாண்டில் இதை மனிதர்களுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெறும் சந்தோஷ ஆச்சரியத்துக்கெல்லாம் இதைப் போடாதீர்கள். பரிசைப் பார்த்துத் துள்ளிக் குதித்தால் பொருந்தாது, அடுத்த வார்த்தை வராமல் ஒரு நொடி வாயடைத்து நின்றால் கச்சிதமாகப் பொருந்தும். 'ஐ வாஸ் டேக்கன் அபேக் பை ஹிஸ் ஆன்சர்': எதனால் திகைத்தீர்களோ அதற்கு முன்னால் 'பை' வரும். 'டேக் பேக்' முற்றிலும் வேறு, அது திரும்ப வாங்கிக்கொள்வது.

அப்புறம், உங்களை அப்படி நிற்கவைத்த ஒரு பதிலையோ செய்தியையோ நினைத்துக்கொண்டு, வரைந்த படத்துக்குக் கீழேயே ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள்.