வார்டில் குடும்ப மருத்துவப் பயிற்சி: மருந்துப் பையைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் குடும்ப மருத்துவ ரெசிடென்சி, அதாவது மருத்துவர்களுக்கான சிறப்புப் பயிற்சி, 3 ஆண்டுகள். அதில் கணிசமான காலம் பெரிய மருத்துவமனை வார்டுகளில்தான் போகும். பின்னாளில் பலதுறை மருந்தகத்திலோ புளோக்கின் கீழே உள்ள கிளினிக்கிலோ உட்காரப் போகிறவர்களுக்கு, "இந்த வார்டு போஸ்டிங் முடிந்தால் சரி" என்ற நினைப்பு எளிதில் வந்துவிடும். அந்த நினைப்பு வந்ததும், நோயாளி எந்த வீட்டிலிருந்து வந்தார், எங்கே திரும்பப் போகிறார் என்பது மறந்துபோகிறது.

முதலில் மருந்துகள். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் இருக்கும் பட்டியலை அப்படியே எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தனியார் கிளினிக்கில் வாங்கியது, ஜொகூர் போய்வரும்போது வாங்கியது, தேக்காவில் வாங்கிய லேகியம், ஊரிலிருந்து வந்த சூரணம் எல்லாம் அதில் இல்லாமல் போகலாம். ரத்த அழுத்தத்துக்கான ஒரே அம்லோடிபின் மாத்திரை ஓரிடத்தில் அந்தப் பெயரிலும், இன்னோரிடத்தில் நார்வாஸ்க் என்ற வணிகப் பெயரிலும் கிடைத்திருக்கும். இரண்டையும் விழுங்கிவிட்டுத் தலைசுற்றி விழுந்தவர்தான் உங்கள் நோயாளியாக இருக்கலாம். வீட்டாரிடம் மருந்துப் பையை முழுசாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மூட்டுவலிக்கு யாரோ தந்த பொட்டலத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். இப்படி விற்கப்படும் சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு வார்டில் அது திடீரென நின்றுபோனால் ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும், சர்க்கரையும் குறையலாம். கிருமித்தொற்று என்றே நினைத்துக்கொண்டிருப்போம். கேட்கிற விதமும் முக்கியம். "நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று அதட்டினால் எந்தப் பாட்டியும் ஆமாம் சொல்ல மாட்டார்.

அடுத்தது பேச்சு. ரவுண்டில் ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளை மொழிபெயர்க்கச் சொல்வது வசதிதான். ஆனால் மோசமான செய்தியை மகள் பாதியாகக் குறைத்துச் சொல்வார், அது பாசம். தமிழ் பேசும் தாதியோ சக மருத்துவரோ இருந்தால் அழையுங்கள். கடைசியில், அவருக்குப் புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நடப்பவையும் உண்டு. தொற்றின்போது கூட்டிய இன்சுலின் அளவை அப்படியே எழுதிக் கொடுத்தால், தொற்று தணிந்ததும் வீட்டில் சர்க்கரை விழும். ஊசி போடப்போவது பணிப்பெண் என்றால், மகனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. வார்டில் தொடங்கிய ஒமெப்ரசோலை (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) நிறுத்தும் தேதி எழுதாவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் தொடரும். சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். நடக்கக்கூடியவரைப் படுக்கையிலேயே விட்டுவைக்காதீர்கள். முதியவர்களுக்குத் தசைபலம் சீக்கிரம் போய்விடும்.

இரவுப் பணியில் சந்தேகம் வந்தால் மூத்த மருத்துவரான ரெஜிஸ்ட்ராரை எழுப்பத் தயங்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்.

அப்புறம் டிஸ்சார்ஜ் கடிதம். எந்த மருந்தை ஏன் நிறுத்தினீர்கள், எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, அதை யார் பார்ப்பது என்று எழுதுங்கள். "குடும்ப மருத்துவர் தொடர்ந்து பார்க்கவும்" என்று மட்டும் முடித்தால், அந்த முடிவு வரும்போது பார்க்க ஆளிருக்காது.