எழுதிய ஃபைல் எங்கே போச்சு? பைத்தானில் ஃபைல், ஜிப் சிக்கல்களைச் சரிசெய்யும் வழி

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீடு பவானியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித் தருகிறேன். ஃபார் லூப், ஃபங்ஷன் எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஃபைலைத் திறக்கும் பாடம் வந்ததும்தான் முகம் வாடுகிறது. "அக்கா, நேத்து ஓடுச்சுங்க, இன்னைக்கு ஓட மாட்டேங்குதுங்க" என்பார்கள். அதுவரை நிரல் தன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபைல் என்று வந்துவிட்டால் ஃபோல்டர், விண்டோஸ், எக்செல், தமிழ் எழுத்து என்று நாலு பேர் தயவும் வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் எப்போதும் எனக்கு நேர்ந்த இழப்பில்தான் தொடங்குவேன். மாசியில் புது மஞ்சள் வரத்து ஆரம்பித்ததிலிருந்து ஆடி வரைக்கும், விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை என்று அன்றன்றைக்குக் குவிண்டால் விலையை ஒரே ஃபைலில் சேர்த்துவந்தேன். ஒரு நாள் சாயந்திரம் அன்றைய வரியைச் சேர்க்க ஃபைலைத் திறந்தபோது, ஓப்பன் கட்டளையில் எப்படித் திறப்பது என்று சொல்லும் எழுத்தாக 'ஏ' போட வேண்டிய இடத்தில் 'டபிள்யூ' போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஃபைலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. சிட்டையைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்து முடிக்க மூன்று ஞாயிறு ஆனது.

'டபிள்யூ' என்று திறந்தால், திறந்த அந்தக் கணமே பழையது அழிந்துவிடும். நீங்கள் ஒரு எழுத்துகூட எழுதியிருக்க வேண்டியதில்லை. அடுத்த வரியில் பிழை வந்து நிரல் நின்றாலும் போனது போனதுதான். 'ஏ' என்றால் கடைசியில் போய்ச் சேரும். 'ஆர்' படிப்பதற்கு மட்டும். பலருக்கும் தெரியாதது 'எக்ஸ்': அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் தொடவே தொடாமல் பிழை காட்டி நின்றுவிடும். புதிய ஃபைல் உண்டாக்க என் பிள்ளைகள் முதல் மூன்று மாதம் 'எக்ஸ்' மட்டும்தான் போட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இருக்கும் ஃபைலைத் திருத்தி எழுதுவதாக இருந்தால் வேறு பெயரில் எழுதி மூடுங்கள், அதைத் திரும்பத் திறந்து வரிகளை எண்ணிப் பாருங்கள், சரியாக இருந்தால் ஓஎஸ் மாட்யூலில் (மாட்யூல் என்பது பைத்தானோடு வரும் கட்டளைத் தொகுப்பு) உள்ள ரிப்ளேஸ் கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் காணோம் என்கிறது

பிழைச் செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். அங்கே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்று இருந்தால், பைத்தான் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடுகிறது என்பதுதான் கேள்வி. வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால் நிரல் இருக்கும் ஃபோல்டரில் தேடும் என்று நினைக்கிறோம். அது தேடுவது, நிரலை எங்கிருந்து ஓட்டினோமோ அந்த ஃபோல்டரில். பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டர் அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துவிடும். விஎஸ் கோட் என்ற எடிட்டரில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் மேல் ஃபோல்டர்தான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் ஐடிலில் ஓடியது வீட்டில் விஎஸ் கோடில் ஓடாததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ஓஎஸ் மாட்யூலின் கெட்சிடபிள்யூடியை அழைத்து, வருவதை பிரிண்ட் செய்யுங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இடம் சரியாக இருந்தும் காணோம் என்றால் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்துக் காட்டும். நோட்பேடில் 'விலை டாட் டிஎக்ஸ்டி' என்று பெயரிட்டதாக நினைப்பீர்கள். உள்ளே 'விலை டாட் டிஎக்ஸ்டி டாட் டிஎக்ஸ்டி' என்று இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸைக் காட்டும்படி ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பேக்ஸ்லாஷ், விண்டோஸ் பாதையில் ஃபோல்டர் பெயர்களைப் பிரிக்கும் பின்சாய்ந்த கோடு. இதை நான் கற்றது ஊர்ப் பெயர்களால்தான். சரக்கு வரும் ஊர்வாரியாக, ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஃபோல்டர் வைத்திருந்தேன். ஈரோடு திறந்தது, கோபி திறந்தது, காங்கேயமும் பெருந்துறையும் திறந்தன. திருப்பூர் மட்டும் திறக்கவில்லை. நம்பியூரும் இல்லை. உடுமலை என்று எழுதினால் நிரல் ஓடவே ஆரம்பிக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷும் திருப்பூரின் முதல் ஆங்கில எழுத்தான டி-யும் சேர்ந்தால் பைத்தானுக்கு அது டேப். நம்பியூரின் 'என்' சேர்ந்தால் புது வரி. பவானியின் பி சேர்ந்தால் பின்னால் ஒரு எழுத்து நகரும் பேக்ஸ்பேஸ். அந்தியூரின் ஏ சேர்ந்தால் மணி ஒலி. வெள்ளகோவிலின் வி சேர்ந்தால் செங்குத்து டேப். உடுமலையின் யூ சேர்ந்தால் ஒரு யூனிகோட் எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள பொது எண்) வரப்போகிறது என்று எதிர்பார்த்து, வராததால் தொடரியல் பிழை. ஈரோட்டின் ஈ, கோபியின் ஜி எதற்கும் தனிப் பொருள் இல்லாததால் தப்பித்தன. ஆனால் புதிய பைத்தான் பதிப்புகள் அதற்கும் எச்சரிக்கை காட்டுகின்றன. ஃபைல் பெயருக்குள் டேப் போய்விட்டால் விண்டோஸ் 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' என்று சொல்லும், எண் 22. அதைப் பார்த்தவுடன் பாதையில் பேக்ஸ்லாஷைத் தேடுங்கள். மேற்கோளுக்கு முன்னால் ஆர் என்று ஒரு எழுத்துப் போட்டால் சரியாகும். அதைவிட எளிது, முன்சாய்ந்த கோடு போடுவது. விண்டோஸில் பைத்தான் அதையும் ஏற்கும்.

பெர்மிஷன்எரர் வந்தால் பெரும்பாலும் அதே ஃபைல் எக்செலில் திறந்திருக்கும். மூடிவிட்டு ஓட்டுங்கள். ஃபைலுக்குப் பதில் ஃபோல்டர் பெயரைக் கொடுத்திருந்தாலும் விண்டோஸில் இதே பிழைதான் வரும்.

தமிழ் ஏன் உடைகிறது

தமிழில் எழுதிப் படிக்கும் நமக்கென்றே வரும் சிக்கல் இது, ஆங்கிலப் பாடங்களில் இதைப் பற்றி அதிகம் இருக்காது. எழுத்தைப் பைட்களாக எழுதும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். யூடிஎஃப்-8 என்ற முறையில் ஆங்கில எழுத்து 1 பைட், தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். 'மஞ்சள்' என்பதில் ம, ஞ, புள்ளி, ச, ள, புள்ளி என்று 6 குறிகள், ஆகவே 18 பைட். நீளம் சொல்லும் லென்னைக் கேட்டால் 6 என்று வரும். கண்ணுக்குத் தெரிவது நான்கே எழுத்து. இந்த மூன்று எண்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விண்டோஸில் என்கோடிங் எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் பைத்தான் பெரும்பாலும் 1252 என்ற பழைய ஐரோப்பிய எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் கிடையாது. எழுதப் போனால் 'சார்மேப்' என்று தொடங்கும் பிழை வந்து நிற்கும். படிப்பதில் இன்னும் விசித்திரம் ஒன்று உண்டு. 'பவானி', 'கோபி' என்று மட்டும் இருக்கும் ஃபைல் பிழையே இல்லாமல் கிறுக்கலாகத் திறக்கும். 'மஞ்சள்', 'ஈரோடு' என்று இருந்தால் பிழை காட்டி நிற்கும். ஒரு பையன் இதைக் காட்டி, "ஊருக்கு ஊரு மாறுதுங்களே அக்கா" என்றான். அவன் பார்த்தது சரிதான். புள்ளியின் மூன்று பைட்களில் கடைசி, பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 8டி. உகரக் கொக்கியின் கடைசி பைட் அதே முறையில் 81. இந்த இரண்டு இடங்களும் 1252 பட்டியலில் காலி. 'பவானி'யில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, அதனால் வேறு எழுத்துகளாக மாறி உள்ளே வந்துவிட்டது. பிழை காட்டி நின்றதுதான் உண்மையில் நல்லது. கிறுக்கலாக வந்ததை யூடிஎஃப்-8 என்று திரும்ப எழுதிவிட்டால் மூலமும் கெடும். ஓப்பன் கட்டளையில் ஒவ்வொரு முறையும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். கை தானாக எழுதும் வரைக்கும் எழுதுங்கள்.

எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) என்று சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் குறி ஒன்றை அது வைக்கும். தலைப்பு 'தேதி' என்றுதான் தெரியும், ஆனால் பைத்தானில் 'தேதி' என்று கேட்டால் அந்தப் பெயரே இல்லை என்று கீஎரர் வரும். மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர் போட்டுப் பார்த்தால் 'தேதி'க்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். படிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அந்தக் குறியை உதறிவிடும். நீங்கள் எழுதும் சிஎஸ்வியை எக்செலில் திறக்கப்போகிறவர்களுக்கும் அதே பெயரில் எழுதிக் கொடுங்கள், தமிழ் உடையாது. சிஎஸ்வியில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வந்தால் ஓப்பனில் நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ரீட் இரண்டாம் முறை வெறுமையாக வருகிறதென்றால் படிக்கும் இடம் ஃபைலின் கடைசியில் நிற்கிறது, சீக்கில் 0 கொடுத்துத் தலைக்குத் திரும்புங்கள். எழுதியது ஃபைலில் தெரியவில்லை என்றால் இன்னும் மூடவில்லை, வித் கட்டளைக்குள் திறந்தால் அதுவே மூடிவிடும். 'விரலி' என்று ஃபைலில் இருந்தும் ஒப்பிட்டால் இல்லை என்கிறதா? வரி முடிவுக் குறி ஒட்டியிருக்கிறது, ஸ்ட்ரிப் போடுங்கள்.

சுருக்குவது

சுருக்கத்தைச் சொல்லித்தர பவானிக்காரிக்கு ஜமுக்காளத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது. பட்டை பட்டையாக நிறம் மாறும். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று நாற்பது தடவை சொல்லாமல் சிவப்பு 40, பச்சை 6, சிவப்பு 40 என்று சொன்னால் போதும். இதை நிரலாக எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பட்டை காணாமல் போகும். நிறம் மாறும்போதுதான் எண்ணிக்கையை எழுதுகிறோம், கடைசிப் பட்டைக்குப் பிறகு மாற நிறமே இல்லை. லூப் முடிந்த பிறகு ஒரு முறை எழுத வேண்டும். இழைக்கு இழை நிறம் மாறும் துணியை இப்படிச் சுருக்கினால் இருந்ததை விடப் பெரிதாகிவிடும் என்பதையும் அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும்.

அடுத்த பயிற்சி, சொல் பட்டியல். 'விரலி விரலி கிழங்கு விரலி கிழங்கு விரலி' என்று ஒரு வரி. அதில் 107 பைட். வெவ்வேறு சொற்களை ஒரு வரியிலும் '1 1 2 1 2 1' என்று எண்களை இன்னொரு வரியிலும் எழுதினால், விண்டோஸின் இரண்டு பைட் வரி முடிவையும் சேர்த்து 50 பைட். இங்கே தவறு வரும் இடங்கள் எனக்கு மனப்பாடம். எண்களை இடைவெளி இல்லாமல் '112' என்று எழுதிவிட்டால், திரும்பப் படிக்கையில் 1, 12-ஆ அல்லது 11, 2-ஆ என்று யாருக்கும் தெரியாது. ஃபைலிலிருந்து வருவது எழுத்து, இன்ட் போட்டு எண்ணாக்க வேண்டும். சொற்களைப் பொறுக்க செட் பயன்படுத்தினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரிசை மாறலாம். டிக்ஷ்னரியில் போடுங்கள், 3.7 பதிப்பிலிருந்து போட்ட வரிசையிலேயே வைத்திருக்கும். எல்லாவற்றையும் விட மோசமானது, எழுதும்போது 0-இலிருந்து எண்ணி, படிக்கும்போது 1 கழிப்பது. 0 என்பது -1 ஆகும், பைத்தானில் -1 என்றால் பட்டியலின் கடைசிச் சொல். எந்தப் பிழையும் காட்டாமல் விரலியெல்லாம் கிழங்காக மாறிவிடும். மண்டியில் இது விலை மாறும் விஷயம். அதனால்தான் சுருக்கியதை விரித்து மூலத்தோடு ஒப்பிடாமல் யாரையும் எழுந்து போக விடமாட்டேன்.

ஜிப்புக்கு வருவோம். "ஜிப் பண்ணியும் சைஸ் குறையலைங்க" என்றால், ஜிப்ஃபைல் மாட்யூல் நீங்கள் சொல்லாதவரை சுருக்கவே சுருக்காது, அப்படியே கட்டி மட்டும் வைக்கும். கம்ப்ரஷனுக்கு ஜிப் டிஃப்ளேட்டட் என்று கொடுக்க வேண்டும். கொடுத்தும் குறையாவிட்டால் உள்ளே இருப்பது போட்டோவாக இருக்கும். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கியது. சின்ன ஃபைலும் குறையாது: ஒற்றை ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப் தன் தலைக்கும் வாலுக்குமே குறைந்தது 18 பைட் எடுத்துக்கொள்ளும், 'மஞ்சள்' என்ற சொல்லின் அளவே அவ்வளவுதான். ஜிஜிப் ஓப்பனைச் சும்மா அழைத்தால் பைட்களாகத்தான் தரும். தமிழாக வேண்டுமென்றால் 'ஆர்டி' என்ற முறையும் என்கோடிங்கும் கொடுங்கள்.

ஜிப் திறக்காமல் பேட்ஜிப்ஃபைல் என்று வந்தால் முதல் இரண்டு பைட்களைப் படித்துப் பாருங்கள். பிகே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும், 1989-இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். இல்லையென்றால் அது ஜிப்பே அல்ல, யாரோ பெயரின் வாலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பிகே இருந்தும் திறக்கவில்லை என்றால் எழுதியவர் மூடாமல் விட்டிருக்கலாம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை ஜிப் மூடும்போதுதான் கடைசியில் எழுதும். ஃபோல்டரை அப்படியே ரைட் கட்டளைக்குக் கொடுத்தாலும் பெயர் மட்டும்தான் போகும், உள்ளிருக்கும் ஃபைல்கள் போகாது. அதற்கு ஷூட்டில் மாட்யூலில் மேக் ஆர்க்கைவ் இருக்கிறது. வரும் ஜிப்பை அதே ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், அது தன்னையே சேர்த்துக்கொள்ளப் பார்க்கும்.

மாதக் கடைசியில் மண்டிக் கணக்கை ஜிப்பாக்கி முடித்ததும் டெஸ்ட்ஜிப் ஓட்டுவேன். நன் (பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்று வந்தால் உள்ளே எதுவும் கெடவில்லை என்று பொருள். பிறகு வேறொரு ஃபோல்டரில் விரித்து, கடைசி நாள் வரியைத் திறந்து, சிட்டையில் உள்ள விலையோடு ஒத்துப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் பழைய ஃபைலில் கை வைப்பேன்.